கீறின இடத்தில் ஒரு பொட்டு

செடி செத்ததற்கு என் மேல் பழி விழுந்த அன்று பசுமைக்குடிலுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: முதலாளி, அவருடைய மச்சானும் எங்கள் மேனேஜருமான பாஸ்கர் சார், டிரைவர் ஏகாம்பரம் அண்ணன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நான், செடிகளுக்கு வருகிற நோயைப் பார்க்க வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத மேடம். ஐந்தே பேர். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்தான் பிற்பாடு அதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

எங்கள் இடம் தாம்பரத்திலிருந்து படப்பை போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. முதலாளி அதற்கு முன்னால் வீட்டுமனை விற்றவர். ஏதோ ஒரு மாலில் உள்ளங்கை அகல டப்பாவில் கொஞ்சம் புளூபெர்ரிப் பழத்தைப் போட்டு விற்கிற விலையைப் பார்த்துவிட்டு, மனை விற்ற பணத்தில் பசுமைக்குடில் கட்டிவிட்டார். ஒரு பக்கம் தண்ணீர் வழிகிற ஈரத் திரை, எதிர்ப்பக்கம் ஆளுயரக் காற்றாடிகள். வெளியே ரோட்டில் தார் உருகினாலும் உள்ளே மலையடிவாரம் மாதிரி இருக்கும். கன்றுகள் ஏ.சி. வண்டியில் வந்து இறங்கும். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டியில் வைத்து முழங்கால் உயரம் வளர்த்து, மலைப்பக்க விவசாயிகளுக்கும் மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறவர்களுக்கும் விற்போம்.

வண்டி வந்த அன்றைக்கு முதலாளியே நேரில் வந்துவிடுவார். ஒவ்வொரு கன்றின் தண்டையும் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. நர்சரிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். எங்கள் முதலாளி கூடுதலாக ஒன்று செய்வார். குன்றத்தூர் முருகன் கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்து, கீறின இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். அதன் மேல் துளிக் குங்குமம். வரிசையாக நிற்கும் செடிகளைப் பார்க்க, வளைகாப்புக்கு வந்த பெண்கள் மாதிரி இருக்கும். எனக்கும் அது பிடிக்கும். சாமி விஷயத்தில் நான் குறை சொல்கிறவள் இல்லை.

அந்தச் செடிகள்தான் சாக ஆரம்பித்தன. முதலில் ஒரு கிளை நுனி சிவக்கும். அடுத்து இலையெல்லாம் செடியிலேயே ஒட்டிக்கொண்டு பழுப்பாகும். உதிராது. அதுதான் பார்க்கப் பயமாக இருக்கும். செத்த பிறகும் இலை பிடித்துக்கொண்டு நிற்கும்.

"செல்வி, நீ ஊத்தற தண்ணில மீன் வளக்கலாம்" என்றார் பாஸ்கர் சார்.

முதலாளி கோபத்தில் இருந்தார். "ஒரு செடி என்ன விலை தெரியுமா உனக்கு? செத்த செடிக்கெல்லாம் உன் சம்பளத்துலதான் பிடிப்பேன். மாசாமாசம்."

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது குரலை உயர்த்தினால் முதலில் தப்பை ஒத்துக்கொண்டு, பிறகுதான் என்ன தப்பு என்று யோசிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு அனகாபுத்தூர் பஸ் ஸ்டாப் வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆற்றுத் தண்ணீர் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துபோனதிலிருந்து, சித்திரை வெயிலிலும் எங்கள் அரிசி மூட்டை பரண் மேல்தான் இருக்கும். அப்படிப்பட்டவள் அன்று என்ன சொல்லியிருப்பேன்? "சரிங்க சார், இனிமே பாத்து ஊத்தறேன்" என்று வாய் திறந்துவிட்டேன்.

அதற்குள் மேடம் குனிந்து, செத்த செடி ஒன்றைத் தொட்டியிலிருந்து பிடுங்கிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. என் பக்கெட்டில் வேரை முக்கி அலசினார். தூக்கிக் காட்டினார்.

"வேர் வெள்ளையா இருக்கு சார். தண்ணி அதிகமாகிச் செத்திருந்தா வேர் அழுகிக் கறுத்திருக்கணும்."

"அப்ப எதனால செத்துச்சு?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

"ஆமா சார். தெரியாததைத் தெரியும்னு சொல்லாம இருக்கறதுக்கு."

ஏகாம்பரம் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் வண்டி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நமக்காகப் பேச ஒரு ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் பின்னாலேயே போய், "மேடம், என் மேல தப்பு இல்லைன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சம்பளத்துல பிடிச்சா பொண்ணு நர்சிங் பீஸ் கட்ட முடியாது" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "தப்பு இல்லைன்னு எனக்கு இன்னும் தெரியாது அக்கா. வேர் அழுகலைன்னு மட்டும்தான் தெரியும்."

அன்று பல்லாவரம் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். பொய்யாகவாவது ஆறுதல் சொல்லத் தெரியாத பொம்பளை என்று திட்டினேன். அந்த மாதமே சம்பளத்தில் பிடித்தார்கள்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் 'தெரியாது'வைத்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சின்ன விஷயம். முப்பது வயது இருக்கும். என்னைவிட ரொம்பச் சின்னவர். ஒல்லி. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற நாடாவிலேயே மடக்குகிற பூதக்கண்ணாடி ஒன்றும் தொங்கும். மத்தியானம் தயிர்ச் சாதமும் இரண்டு வாழைப்பழமும். பழத்தோலைக்கூடக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

ஏகாம்பரம் அண்ணன் ஒருமுறை, "இது கருகல் நோய் மேடம், எங்க தோட்டத்துல கத்திரிக்கு வரும்" என்றார்.

"கருகியிருக்கு. நோயான்னு இன்னும் தெரியாது அண்ணா."

"இன்னா மேடம், கண்ணுக்கு எதிர்ல கருகிகினு கீது…"

"கருகினதைத்தான் கண்ணு பாத்துச்சு. நோயை இன்னும் பாக்கலையே."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "இவங்க வூட்ல சோறு வெந்துச்சான்னு கேட்டாகூட லேபுக்கு அனுப்புவாங்க போல" என்றார். மேடத்துக்கும் கேட்டது. சிரித்தார். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

பொத்தேரிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். நல்ல வீடு, பால்கனி, போர்த் தண்ணீர். வீட்டுக்காரம்மா காப்பியெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்கள்: "தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க என்ன ஆளுங்க?"

"தெரியாது."

"அதெப்படி? அம்மா அப்பா சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் சோதிச்சுப் பாக்கலை."

வீட்டுக்காரம்மா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. வெளியே வந்ததும் நான், "ஏன் மேடம் இப்படி? வீடு போச்சே" என்றேன். "போகட்டும் அக்கா" என்று வண்டியை எடுத்தார். பிறகு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கரி பிடித்த ஒரு மாடியறை கிடைத்தது. அங்கே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் ஸ்கூட்டரில் பெருங்களத்தூரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் நாடி பிடித்துவிட்டு, "வைரல் ஃபீவர்" என்று எழுத ஆரம்பித்தார்.

"எந்த வைரஸ் டாக்டர்?" என்றார் மேடம்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "நீங்க டாக்டரா?"

"இல்ல. பாத்துச் சொல்றீங்களா, நினைச்சுச் சொல்றீங்களான்னு தெரிஞ்சுக்கலாம்னு."

டாக்டர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஒரு நோயாளிக்கு இந்த அவமானம் தேவையா? ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஒன்று தோன்றியது. அந்த டாக்டரை இப்படி ஒரு கேள்வி கேட்க என் ஆயுளில் எனக்குத் தைரியம் வந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டே செத்திருப்பேன்.

செடியின் கதைக்கு வருகிறேன். மேடம் செத்த தண்டுகளைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உள்ளே ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் காப்பித்தூள் நிறம். நோய் இருந்தால் இரண்டும் சேருகிற கோட்டில்தான் உயிரோடு இருக்கும் என்றார். அந்தக் கோட்டிலிருந்து நகக்கண் அளவுக்குத் துண்டுகள் எடுத்தார். அவற்றை வளர்க்கத் தீனி வேண்டும். என்ன தீனி என்றால், உருளைக்கிழங்கு. நான் ஒரு கிலோ வாங்கிவந்து தோல் சீவி வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடிகட்டிக் கொடுப்பேன். அதில் சர்க்கரையும் கடற்பாசி மாவும் போட்டுக் காய்ச்சி, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்.

"இன்னா செல்வி, மேடம் போண்டா போடறாங்களா? சட்னி உண்டா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை விடுவார் ஏகாம்பரம் அண்ணன்.

"பூஞ்சைக்கு விருந்துண்ணே. உனக்கு இல்ல."

தட்டில் முதலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்தது. பிறகு சாம்பல் நிறம். பிறகு அடுப்புக்கரி. கடைசியில் அதன் மேல் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புள்ளிகள். அதே புள்ளிகள் செத்த தண்டுகளின் மேலும் இருந்ததைக் கண்ணாடி வைத்துக் காட்டினார்.

"மேடம், இது நம்ம நெஞ்சுக்குள்ள போயிடாதா?"

"தெரியாது அக்கா. மாஸ்க் போடுங்க."

நான் இரண்டு போட்டுக்கொண்டேன்.

கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாயில் போட்டு, மரபணு படிக்கிற சிநேகிதி ஒருத்தியின் கல்லூரிக்கு அனுப்பினார். பதில் வந்தபோது முதலாளியும் இருந்தார்.

"மாமரத்துல வர ஒரு பூஞ்சைக்கு இது ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கு சார். ஆனா அது இல்ல. இதுவரைக்கும் உலகத்துல எழுதிவெச்ச எதுவோடயும் பொருந்தலை."

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "புதுசா? நம்ம இடத்துலயா? அப்ப நாமதான் பேர் வெக்கணுமா?"

"நிரூபிச்சா வெக்கலாம்."

"எங்கப்பா பேர் வெக்க முடியுமா? கொஞ்சம் நீளம். பரவாயில்லையா?"

பாஸ்கர் சார் அவர் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். புது நோய் என்றால் புளூபெர்ரி வாங்க எவன் வருவான், மலைக்காரர்கள் கொடுத்திருக்கிற அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்களே என்றுதான் சொல்லியிருப்பார். மலர்ந்த முகம் அப்படியே கூம்பியது. "இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது. நோயும் இல்லை, கீயும் இல்லை. தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தண்ணீர் என்றால் நான்.

"தட்டுல வளர்ந்தது போதாது அக்கா" என்றார் மேடம். "திருட்டு நடந்த வீட்டுல ஒருத்தன் நின்னான்னா அவன்தான் திருடன்னு ஆயிடாது. நல்ல செடியில இதை விட்டு, அதே மாதிரி சாகுதா பாக்கணும். செத்ததுலேர்ந்து மறுபடி இதே வெளிய வரணும்."

வேறு இடத்திலிருந்து தன் காசில் நல்ல செடிகள் வாங்கினார். பாதிச் செடிகளின் தண்டில் பிளேடால் கீறிப் பூஞ்சையை வைத்துக் கட்டினார். மீதிப் பாதிக்கும் அதே கீறல்தான். ஆனால் உள்ளே வைத்தது பூஞ்சை இல்லாத வெறும் உருளைக்கிழங்குப் பசை. பூஞ்சை வைத்த செடிகள் சொன்னது போலவே கருகத் தொடங்கின. வெறும் கீறல் செடிகள் பச்சையாக நின்றன. நான் தினமும் அவற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. என் சம்பளம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

லாரிக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, என் பக்கெட்டுக்கும் பொட்டு. எல்லாம் முடிந்து முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு மேடத்தின் செடிகள் இருந்த மூலைக்குப் போய்விட்டார். மேடம் அன்று லீவு. நான் வாழைத்தார் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசை முழுவதற்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டார். "நம்ம கம்பெனிக்குச் செடிதானே ஆயுதம்" என்றார். கை பழக்கத்தில், நகத்தால் கீறிப் பச்சை பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறார்.

சில வாரங்களில் பச்சையாக நின்ற செடிகளும் கருகிவிட்டன.

பாஸ்கர் சார் கைதட்டினார். "பாத்தீங்களா? பூஞ்சை வெக்காத செடியும் செத்துப் போச்சு. இதுக்கும் தண்ணி ஊத்தினது யாரு? செல்விதானே?"

மேடம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாகக் கண்ணாடியில் பார்த்தார். அவர் கீறிய இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பூஞ்சை வைத்த செடிகளில் நூல் கட்டிய இடத்திலிருந்துதான் கருகல் தொடங்கியிருந்தது. வைக்காத செடிகளில் நூல் கட்டிய இடம் ஆறி, தழும்பாகிப் பச்சையாக இருந்தது. கருகல் அதற்கு நாலு விரல் மேலே ஆரம்பித்திருந்தது. காய்ந்த சந்தனத்துக்கு நேர் கீழே.

வண்டி வந்த அன்று வரிசையாகப் பொட்டு வைத்த செடிகள்தானே முதலில் செத்தன! "மேடம், இதுதான்! முதலாளிகிட்ட சொல்லுங்க" என்று கத்திவிட்டேன்.

"தெரியாது அக்கா."

"கண்ணுக்கு முன்னாடி கீது மேடம்! இன்னும் இன்னா தெரியாது?"

"இப்படி இருக்கலாம்னு தோணுது. தோணினதைச் சொல்லி உங்க மேல பழி போட்டாங்க. அதே வேலையை நான் அவர் மேல செய்யணுமா? எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து."

அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. இன்னொரு தடவை என்றால் இன்னும் எத்தனை மாதச் சம்பளம்! ஆனால் அவர் செடிகளை உறையில் போட்டுக் கட்டி எரித்துவிட்டு, பழைய ஜெனரேட்டர் அறையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது?

புதுச் செடிகள். ஒரு வரிசைக்குச் சுத்தமான பிளேடால் கீறி, சுத்தமான கரண்டியால் சந்தனம். இன்னொரு வரிசைக்கு, அதே மாதிரி கீறி, நோய்த் தண்டைத் தொட்ட விரலால் சந்தனம். மூன்றாவது வரிசைக்குச் சந்தனமும் இல்லை, கீறலும் இல்லை. வேண்டுமென்றே அளவுக்கு மேல் தண்ணீர். அதை என்னையே ஊற்றச் சொன்னார். அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்து நாடாவில் மாட்டிக்கொண்டார். "முருகனே வந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்" என்றார்.

"மேடம், சாமி குத்தம் ஆயிடப் போகுது."

"நான் சந்தனத்தைக் குறை சொல்லலை அக்கா. விரலைத்தான் பாக்கறேன்."

தண்ணீர் வரிசையில் அடி இலை மஞ்சளடித்தது. தண்டு கருகவில்லை. சுத்தமான சந்தனம் வைத்த வரிசை தளதளவென்று நின்றது. நோய்த் தண்டைத் தொட்ட விரல் பட்ட வரிசை முழுக்கக் கருகியது, இலை உதிராமல். அந்தத் தண்டைப் பிளந்து தட்டில் வைத்தார். வெள்ளை, சாம்பல், கரி, புள்ளி.

"அதே ஆள்தான்" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து இவ்வளவு நிச்சயமாக ஒரு வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, தலையை லேசாக ஆட்டி, "உங்க மேல தப்பு இல்ல அக்கா. இப்பத் தெரியும்" என்றார்.

யார் யாரோ எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அதில் எதுவும் நின்றதில்லை. இது நின்றது.

முதலாளியிடம் அவர் சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "எந்த வண்டியில எந்தக் கன்றுல வந்துச்சுன்னு தெரியாது சார். ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போனது நகத்துலயும் விரல்லயும்தான். இந்தச் செடிகளை மலைக்கு அனுப்பக் கூடாது. செல்வி அக்கா பணத்தைக் கொடுத்துடுங்க."

முதலாளி தன் கட்டைவிரலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேஜைக்குக் கீழே கையை இறக்கிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் எனக்குக்கூட அவர் மேல் இரக்கம் வந்தது. அவர் எவ்வளவு ஆசையாக வைத்த பொட்டு அது. அவர் மட்டும் அங்கேயே, "எனக்குத் தெரியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வார்த்தை எல்லாருக்கும் வருவதில்லை.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேடத்திடம்.

"சரி சார். ஆனா அட்வான்ஸ் கொடுத்தவங்க என்னைக் கேட்டா, பாத்ததைச் சொல்லுவேன்." கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் என்னைக் குடிலுக்குள் கூப்பிட்டார்கள். முதலாளி, பாஸ்கர் சார், ஏகாம்பரம் அண்ணன், நான். மேடம் மட்டும் இல்லை. மலைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பாஸ்கர் சார் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"செல்வி, செடி தெரியற மாதிரி நில்லு. 'நான்தான் தண்ணி அதிகமா ஊத்திட்டேன், செடில எந்த நோயும் கிடையாது'ன்னு சொல்லு. வீடியோ அவங்க குரூப்புல போட்டா முடிஞ்சுது."

முதலாளி தணிவாகப் பேசினார். "உன்கிட்ட பிடிச்ச பணம் மொத்தமும் இன்னிக்கே உன் போனுக்கு வந்துடும். வேலையும் அப்படியே இருக்கும். யாருக்கும்மா நஷ்டம்?"

பெண்ணின் பீஸ் கட்டுகிற கடைசி நாள் அந்த வாரம்தான். ஒரு வரி. இதைவிடப் பெரிய தப்புகளையெல்லாம் சும்மாவே ஒத்துக்கொண்டவள் நான். போனின் சின்ன விளக்கு எரிந்தது.

"என் பேரு செல்வி. இங்க தண்ணி ஊத்தறது நான்தான்."

பாஸ்கர் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அளவாத்தான் ஊத்தறேன். வேர் வெள்ளையா இருந்துச்சு. தண்டுலதான் நோய் கீது. அதுக்குப் பேர் இன்னான்னு எனக்குத் தெரியாது. இந்தச் செடிய வாங்காதீங்க."

"ஏய் ஏய்!" போன் கீழே இறங்கியது. "இன்னா செல்வி, விளையாடறியா? இன்னொரு தடவை எடுக்கறேன். ஒழுங்கா சொல்லு."

"எத்தனை தடவை எடுத்தாலும் அதான் சார் வரும்."

ஏகாம்பரம் அண்ணன் வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். "சார், எனக்கு வயிறு பேஜாரா கீது. மலைக்கு வேற டிரைவர் பாருங்க."

வண்டி மலையேறவில்லை. வீடியோ வராததால் மலைக்காரர்கள் மேடத்துக்கே போன் செய்தார்கள். அவர் பார்த்ததைச் சொன்னார். பிறகு செடிகளையெல்லாம் குழி வெட்டி எரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது அந்தப் பசுமைக்குடில் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. உள்ளே குளுகுளுவென்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.

நான் பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதிச் சமையற்கட்டில் இருக்கிறேன். உருளைக்கிழங்கு அண்டா அண்டாவாக வேகிறது. தண்ணீரை வடித்துக் கொட்டும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது. பெண்ணின் பீஸுக்குக் கம்மலை அடகு வைத்தேன். அவள் படிக்கிறாள்.

மேடம் வடக்கே ஏதோ ஊரில் இருக்கிறார். எப்போதாவது பேசுவார். போன மாதம் கேட்டேன்: "பேர் வெச்சாச்சா மேடம்?"

"இன்னும் இல்ல அக்கா. ஒரே இடத்துச் செடிலதானே பாத்தேன்? இன்னொரு இடத்துலயும் கிடைக்கட்டும். அப்புறம் வெக்கலாம்."

அதனால்தான் நானும் இதில் அவர் பெயரை எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். மேடம் என்றால் எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

"என் பணம் வருமா மேடம்?" என்றும் கேட்டேன்.

"தெரியாது அக்கா. ஆனா கேக்கறதை நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை. மாதம் பிறந்ததும் சேலையூரில் மறுபடி மனை விற்கிற அவர்கள் ஆபீசுக்குப் போய் வாசலில் நிற்கிறேன். நெஞ்சு படபடவென்றுதான் அடிக்கிறது. அது அடித்துக்கொள்ளட்டும். பாஸ்கர் சார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல, "எவ்வளவு?" என்பார். உள்ளே மனை பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்: பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.